ஏழாவது கயிற்றில் கொராதி

நவம்பர் மூடுபனி பகல் பன்னிரண்டாகியும் நகரமன்றத்தின் படிகளை விட்டு அசையவில்லை. உள்ளே பெரிய மண்டபத்தில் ஈரச் சுண்ணாம்பு வாடை. சாரத்தின் மேல் உட்கார்ந்து, வடக்குச் சுவரின் பழைய ஓவியத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள், பழைய ஓவியங்களைச் சீர்செய்வதில் டாக்டர் பட்டம் வாங்கிய லவீனியா.

ஒற்றைக் காலில் கயிறு கட்டி ஏழு பேர் சுவரில் தலைகீழாகத் தொங்கினார்கள். ஊரைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஓடியவர்கள். ஆள் அகப்படாவிட்டால் படத்தையாவது தொங்கவிடுவது அந்தக் காலத்து ஆத்திரம். அறுநூறு வருடமாகியும் அந்த முகங்களில் ரத்தம் இறங்கிய சிவப்பு மங்கவில்லை.

ஏழாவது ஆளின் தலைக்குக் கீழே எழுத்துகள் தெரிந்தன.

"கொராதி" என்று உரக்க வாசித்தாள். சிரிப்பு வந்தது. அவள் கணவனின் குடும்பப் பெயர்! குறிப்பேட்டில் எழுதும்போது இன்னொரு முறை வாய்விட்டுச் சொன்னாள்.

கீழே காவலாளி எஜீதியோவின் துடைப்பம் நின்றது.

"டாக்டரம்மா, இந்த மண்டபத்துல யாரையும் குடும்பப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. ஓடிப்போனவனை இங்க நின்னுதான் மூணு தடவை கூப்பிடுவாங்க. எவன் பதில் சொல்றானோ, அவனைத் தூக்கிக் கட்டிருவாங்க."

"ஓடிப்போனவன் வந்து பதில் சொல்லுவானாக்கும்! நல்லா விடறீங்க கதை."

"எங்க மேயரையே ஞானஸ்நானப் பேர் சொல்லித்தான் இங்க கூப்பிடறோம்" என்று முனகியபடி அவர் சாப்பிடப் போய்விட்டார்.

அவள் கணவன் தாவிதே நகரமன்றத்தின் மணிக்கோபுரத்தில் இருந்தான். ஆறு மாதப் பிரிவுக்குப் பிறகு அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவன், வேலை முடியும்வரை மூடுபனிக்கு மேலே நின்று ஊரைப் பார்க்கிறேன் என்று ஏறியிருந்தான். இந்த முறை அவனை இழக்கக் கூடாது என்று காலையிலிருந்தே அவள் மனம் அடித்துக்கொண்டது.

சாரத்திலிருந்து இறங்கி, மண்டபத்தின் ஓரத்திலிருந்த கோபுரக் கதவருகே போய் நின்றாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வருகைப் பதிவில் டீச்சர் அழைப்பதைப்போல் அவனை அழைப்பது அவர்களுடைய பழைய கொஞ்சல். பழக்க தோஷம், நாக்கு முந்திக்கொண்டது.

"கொராதி!"

அது மூன்றாவது முறை என்று அவளுக்கு உறைக்கவில்லை.

"உள்ளேன், டீச்சர்!" மேலிருந்து உற்சாகமாக அவன் குரல்.

மணி ஒரு முறை அடித்தது.

கயிறு கழற்றிப் பல வருடமான மணி.

படிகளில் காலடிகள் இறங்கின. ஒரு கால் ஊன்றியது. மறு கால் இழுபட்டது.

தாவிதே வெளியே வந்து கதவைச் சாத்தினான். அவளுக்கு உயிரே திரும்பி வந்தது போலிருந்தது. ஓடிப்போய் அவன் கையைப் பற்றினாள். கை சில்லென்றிருந்தது, சுண்ணாம்பு வாடை அடித்தது.

"வா, போலாம்" என்றான்.

அவன் கழுத்துச் சங்கிலியின் பதக்கம் நெஞ்சில் தொங்கவில்லை. மோவாயைத் தாண்டி, மேலே விட்டத்தை நோக்கித் தொங்கியது. தலைமுடியும் அப்படியே.

அவள் சுவரைப் பார்த்தாள்.

ஏழாவது கயிறு வெறுமையாக இருந்தது.

கதவுக்குப் பின்னால் யாரோ தட்டினார்கள்.

"லவீனியா, கதவைத் திற. காலை ஏதோ பிடிச்சு இழுக்குது."

தாவிதேயின் குரல்தான்.

தட்டல் கதவின் உச்சிக்கு ஏறியது. பிறகு விட்டத்துக்கு. பிறகு வடக்குச் சுவருக்குள். அவள் கையை உருவப் பார்த்தாள், பிடி இறுகியது.

ஏழாவது கயிற்றில், ஈர வர்ணத்தில், மெல்ல ஒரு கால் தெரியத் தொடங்கியது. அவன் பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக்கொடுத்த பழுப்புக் காலணியோடு.