ஐம்பதாவது ஆள்

“ஐயோ... எம் புருசன்!”

அலறல் கழிவு நூல் கிடங்குப் பக்கமிருந்து வந்தது.

நாற்பது விசைத்தறிகளின் கடகடப்பையும் மீறிக்கொண்டு வந்தது. முதலாளி ஆறுமுகச்சாமியின் கையிலிருந்த காபி டம்ளர் கவிழ்ந்து, சலவை வேட்டி நாசமாயிற்று.

வேட்டி போனால் போகட்டும். எதிரே உட்கார்ந்திருந்த ஆள்தான் வில்லங்கம்.

மைதீன் பாட்சா. பிராவிடண்ட் பண்ட் இன்ஸ்பெக்டர். மெட்ராஸ் ஆபீஸ், சொந்த ஊர் கடையநல்லூர். துணைக்கு உள்ளூர் ஏட்டு தங்கசாமி. 1954-ஆம் வருஷம் ஆடித் தபசுக்கு முந்தின நாள்... சங்கரன்கோவில் மொத்தமும் கோயில் வாசலில் கிடக்கிறபோது எந்த ஆபீசராவது மில்லைத் தேடி வருவாரா?

வந்திருந்தார்!

“சத்தம் கிடங்குல இருந்துல்லா வருது?” ஏட்டு எழுந்தார்.

“ஒண்ணுமில்ல ஏட்டையா. எலியப் பாத்துப் பயந்திருப்பா.”

“எலியையா புருசன்னு கூப்பிடுதா?”

ஏட்டு நடந்தார். இன்ஸ்பெக்டர் தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். ஆறுமுகச்சாமியும் போனார்.

கிடங்கு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள் மாரித்தாய். மில்லில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள். முகம் இறுகியிருந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“அதிர்ச்சியில அழுகை வராது,” என்று விளக்கம் சொன்ன ஏட்டு, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

உள்ளே கழிவு நூல் குவியல். அதற்குள் புதைந்து ஓர் ஆள். தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே. வாயோரத்திலிருந்து சிவப்பாக ஒரு கோடு வழிந்து, வெள்ளை நூலை நனைத்திருந்தது.

“ரத்தம்...” ஏட்டு மூன்றடி பின்னால் வந்தார். “ஆளு முடிஞ்சிட்டான். டாக்டரு வார வரைக்கும் யாரும் தொடப்புடாது!”

பதினெட்டு வருஷ சர்வீஸில் தங்கசாமி எந்தப் பிணத்தையும் மூன்றடிக்குக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர், சட்டம்.

“கதவு பூட்டியிருக்கே. சாவி எங்க?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

எல்லோருடைய கண்ணும் ஆறுமுகச்சாமியின் இடுப்புக்குப் போயிற்று. அரைஞாணில் ஒரே ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் அதைக் கையால் மூடினார்.

நடந்தது இதுதான். ஏழு வருஷமாக மில் நடக்கிறது. பதிவேட்டில் ஒரு நாளும் நாற்பத்தொன்பது பேரைத் தாண்டியதில்லை. ஐம்பது பேர் இருந்தால் பி.எஃப். சட்டம் உள்ளே வந்துவிடும். தொழிலாளி சம்பளத்தில் ரூபாய்க்கு ஓரணா, முதலாளி மடியிலிருந்து இன்னோர் அணா. அந்த இன்னோர் அணாவை ஆறுமுகச்சாமி தருவதாக இல்லை. அதனால் மற்றவர்களுக்குப் பேரில்லை, கையெழுத்தில்லை, வேலை மட்டும் உண்டு. ரோட்டில் ஜீப் தூசி தெரிந்ததும் வாட்ச்மேன் மணியை இரண்டு தடவை அடிப்பான். பேரில்லாத பதினான்கு பேரும் பின்சுவர் ஏறிக் குதித்துக் கண்மாய்க் கரைக்குப் போய்விடுவார்கள்.

இன்றைக்குப் பதின்மூன்று பேர்தான் குதித்தார்கள்.

பதினான்காவது ஆள் இசக்கிப்பாண்டி நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தான். முந்தின நாள் காலை ஆறு மணியிலிருந்து தறியில் நின்றவன். சுவர் ஏற முடியவில்லை. ஆறுமுகச்சாமி அவன் பிடரியில் கை வைத்துக் கிடங்குக்குள் தள்ளினார். பூட்டினார்.

மூச்சு முட்டிச் செத்துப் போனானா? கொன்றுவிட்டேனா?

ஆறுமுகச்சாமி சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். யாரும் வாசலைத் தாண்டவில்லை.

“ஆளு யாரு, மொதலாளி?” ஏட்டு நோட்டை எடுத்தார்.

“தெரியாது.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏழு வருஷப் பழக்கம்.

மாரித்தாய் மெதுவாகத் திரும்பினாள்.

“தெரியாதா? போன மாசி மாசம் எங்க அண்ணன் மூணு விரலைத் தறிக்குள்ள குடுத்துட்டு ரத்தத்தோட வந்து நின்னான். அவனையும் ‘நீ யாரு வே’ன்னுதான் கேட்டீய. இப்ப எம் புருசனையும் தெரியாதா? மூணு வருசமா உங்க தறி ஓட்டுதாவ. பேரு இசக்கிப்பாண்டி.”

அவள் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் பொய் கிடையாது.

“பாவம், தறியவாவது நிப்பாட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. சாவு விழுந்த எடம்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எதுக்கு? செத்தவனுக்கா தூக்கம் கெடப்போவுது? ஆறு மணிச் சங்கு ஊதுனா தானா நிக்கும்.”

“நிப்பாட்ட வேண்டாம் ஐயா,” மாரித்தாய் அவசரமாகச் சொன்னாள். “ஓடட்டும். தறிச் சத்தம்னா அவுகளுக்கு உசுரு.”

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு தடவை பார்த்தார்.

ஏட்டு கணக்குப் போட ஆரம்பித்தார்.

“யாருன்னே தெரியாத ஆளு. உங்க கிடங்குல, உங்க பூட்டுக்குள்ள, உங்க இடுப்புச் சாவியோட செத்துக் கெடக்கான். இதுக்குப் பேரு என்ன தெரியுமா மொதலாளி?”

“எ... என்ன?”

“முன்னூத்தி ரெண்டு. தூக்கு.”

ஆறுமுகச்சாமியின் கண் முன்னால் பாளையங்கோட்டை ஜெயில் வந்து போனது.

“வேற வழி இல்லையா ஏட்டையா?”

“ஆளு உங்க ஆளுன்னா சங்கதி வேற. வேலை பாக்குத எடத்துல விபத்து. நஷ்ட ஈட்டோட போயிரும்.”

“எங்க ஆளுதான்!”

“இப்பத்தான தெரியாதுன்னீய?”

“தூரத்துல சரியா தெரியல. இப்பத் தெரியுது. நம்ம இசக்கிப்பாண்டி!”

இன்ஸ்பெக்டர் தகரப் பெட்டியைத் திறந்தார். வெள்ளைக் காகிதம் வந்தது. பேனா வந்தது. ஆறுமுகச்சாமிக்கு அந்தப் பேனா கத்தியை விடக் கூர்மையாகத் தெரிந்தது.

“பதிவேட்டுல நாப்பத்தொம்பது. இவரு அம்பது,” என்றார் மைதீன் பாட்சா. “எழுதுங்க அண்ணாச்சி. எத்தனை வருசமா?”

“மூணு... வருசமா.”

“இன்னைக்கு எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாரு?”

ஆறுமுகச்சாமியின் மூளை பழைய தடத்துக்கே ஓடிற்று. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. ஃபாக்டரிச் சட்டம். அதை மட்டும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

“மத்தியானம்தான் வந்தான். ரெண்டு மணி இருக்கும்.”

ஏட்டு தலையை ஆட்டினார்.

“மத்தியானம் நல்லா வந்த ஆளு, சாயங்காலம் செத்துக் கெடக்கானா? யாராவது கழுத்தப் புடிச்சிருந்தாத்தான் உண்டு. மறுபடி முன்னூத்தி ரெண்டுல்லா வருது!”

ஆறுமுகச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பக்கம் கயிறு. மறு பக்கம் இரட்டைக் கூலி. கொஞ்ச நேரம் அவர் நிஜமாகவே யோசித்தார் என்பதுதான் வெட்கக்கேடு!

“நேத்து,” என்றார் கடைசியில். “நேத்துக் காலைல ஆறு மணி. வீட்டுக்கே போகல. அலுப்புலதான் செத்திருக்கான். நான் ஒண்ணும் செய்யல.”

“எழுதுங்க.”

எழுதினார். கையெழுத்துப் போட்டார். ஏட்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் மை உலர ஊதி, காகிதத்தைப் பெட்டியில் வைத்து, பூட்டினார்.

ஊ... ஊ... ஊ...

ஆறு மணிச் சங்கு!

நாற்பது தறிகளும் ஒன்றாக நின்றன. மில்லுக்குள் திடீரென்று நிசப்தம்.

குவியலில் நூல் அசைந்தது.

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

“ஏன் தறி நின்னுட்டு? இழை அந்துட்டா?”

ஏட்டு தங்கசாமி வாசலில் இல்லை. கேட் பக்கமிருந்து அவருடைய பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறுமுகச்சாமி ஒரு நொடி சந்தோஷப்பட்டார். கலப்படமில்லாத சந்தோஷம். நான் கொலைகாரன் இல்லை! அடுத்த நொடி காகிதம் ஞாபகம் வந்தது.

“ஏலே... ரத்தம்?”

இசக்கிப்பாண்டி வாயோரத்தைத் துடைத்துப் பார்த்தான்.

“வெத்தல மொதலாளி. முழிச்சிருக்கணும்னு போட்டேன். வாயில வச்சபடியே தூங்கிட்டேன் போல.”

ஆறுமுகச்சாமி மாரித்தாய் பக்கம் திரும்பினார். “ஏட்டி! நீ தெரிஞ்சேதான் கத்துனியா?”

“எனக்குத் தெரியாதா?” மாரித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை இப்போதுதான் வந்தது. “தறிக்காரன் தறிச் சத்தத்துல கும்பகர்ணனாத் தூங்குவான். சத்தம் நின்னாத்தான் முழிப்பான். இழை அந்து தறி நின்னா கூலியில புடிப்பீயல்லா, அந்தப் பயம். வீட்டுல தூங்க முடியாம உருளுதாவ மொதலாளி.”

“அப்புறம் எதுக்குச் செத்துட்டான்னு சொன்ன?”

“நான் எங்க சொன்னேன்? எம் புருசன்னுதான் கத்துனேன். செத்துட்டாருன்னு சொன்னது ஏட்டையா. நாளைக்கு நெசமாவே அவுக செத்துக் கெடந்தா, யாரு வேன்னு நீங்க கேட்டுறப்புடாதுல்லா? அதான் இன்னைக்கே பேர எழுத வச்சேன்.”

“மிரட்டி வாங்குன காயிதம்! செல்லாது! குடும் வே அந்தப் பெட்டிய!” ஆறுமுகச்சாமி பாய்ந்தார்.

மைதீன் பாட்சா பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“மிரட்டுனது யாரு அண்ணாச்சி? பொணமா? சரி, செல்லாதுன்னே வச்சுக்கிடுவோம். அப்ப யாருன்னே தெரியாத ஆளைப் புடிச்சு அடைச்சுப் போட்டதுக்கு ஏட்டைத் திரும்பக் கூப்பிடட்டுமா? கேட் பக்கத்துலதான் நிக்காரு.”

ஆறுமுகச்சாமி நனைந்த வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார்.

பின்சுவர் மேலே தலைகள் தெரிந்தன. சங்குச் சத்தம் கேட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு போக வந்த பதின்மூன்று பேர். இன்ஸ்பெக்டர் அவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

“வாங்க மக்கா, வாங்க. ஒவ்வொருத்தரா எறங்குங்க. பேரு சொல்லிட்டு எறங்குங்க.”

இசக்கிப்பாண்டி தலையில் ஒட்டிய நூலைத் தட்டிக்கொண்டே வந்தான். விஷயத்தை மாரித்தாய் காதில் சொன்னாள். அவன் இன்ஸ்பெக்டர் பக்கம் வந்தான்.

“ஐயா, ஒரு சந்தேகம். நான் உள்ள செத்துக் கெடந்த நேரத்துக்கு என்ன கூலி?”

“உள்ள வச்சுப் பூட்டுனது மொதலாளிதான? அப்ப அதுவும் வேலைதான்,” என்றார் இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தபடி. “ஒம்பது மணி நேரம் தாண்டிட்டா, பொணத்துக்கும் டபுள்தான் வே!”