பொடி ஒதுங்கிய பக்கம்

காந்தத்தை அவள் இன்னும் வெளியே எடுக்கவே இல்லை. அதற்குள் கண்ணாடிக் குவளையில் இருந்த கறுப்பு முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது.

இரும்பு உப்பையும் கோபால்ட் உப்பையும் நீரில் கரைத்து, சூடாக்கி, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காலையிலிருந்து கால் கடுக்க நின்று அவள் உண்டாக்கிய ஃபெரைட் என்னும் காந்தப் பொடி அது. தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கிவிடலாம், அத்தனை நுண்ணிய துகள்கள். கழுவும்போது குவளைக்கு வெளியே காந்தத்தை வைத்தால் அந்தப் பக்கச் சுவரில் வந்து அப்பிக்கொள்ளும்; தெளிந்த நீரைக் கொட்டிவிடலாம். வருஷக்கணக்காகப் பார்த்துவரும் காட்சிதான். ஆனால் காந்தம் எதிர்மேசை இழுப்பறையில் துணி சுற்றிக் கிடந்தது. போய்த் திறந்து பார்த்துவிட்டே வந்தாள். அடியில் காந்தம் சுழலும் கலக்கும் கருவியை அணைத்தாள். கைபேசிக்குள்ளும் காந்தம் உண்டு என்று அதைத் தூக்கி ஜன்னல் ஓரம் வைத்தாள். கறுப்பு அசையவில்லை. கழுவுதொட்டி இருந்த பக்கமாகவே ஒட்டிக்கொண்டு நின்றது.

விடுமுறை நாளின் மத்தியானம். மூன்றாம் மாடியில் வேறு ஆள் இல்லை. உலர்த்தும் அடுப்பின் தகரம் சூடேறி எங்கோ ஒரு மூலையில் டிக், டிக் என்று நெளிந்துகொண்டிருந்தது. கூரையோரத்துக் காற்றாடி தொண்டை கட்டியவனைப் போல முனகியது. காரத்தின் வாடை நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, எச்சில் விழுங்கினாலும் இறங்க மறுத்தது.

கழுவுதொட்டியைப் பார்க்க அவளுக்குக் கூசியது. அங்கேதான் பதினோரு மாதம் நிதானம் நின்றார்.

நிதானம் என்பது ஆய்வகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், எதற்கும் பதறாத மனிதர். அவளுடைய கட்டுரை வெளியான பிறகு, அதே துகளை அதே முறையில் மறுபடி செய்துகாட்டும் வேலை அவர் தலையில் விழுந்தது. கட்டுரையில் காந்தமாக்கலின் அளவு எழுபத்தெட்டு. அவர் எத்தனை முறை செய்தும் ஐம்பத்தொன்றைத் தாண்டவில்லை. எப்படித் தாண்டும்? கருவி அவளுக்கும் ஐம்பத்தொன்றுதான் காட்டியிருந்தது. எழுபத்தெட்டு, அவளாகவே தட்டச்சு செய்த எண்.

"உங்க கை சரியில்லைய்யா. அந்தப் பொண்ணுக்கு வர்றது உங்களுக்கு ஏன் வரல?" என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்டார். அன்று அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பேசினாள்.

"அண்ணே, கழுவுறது பத்தலையோ என்னவோ. உப்பு தங்கிடுதுன்னு நினைக்கிறேன்."

"அப்படியும் இருக்கும்மா. இன்னும் நாலு தடவை கழுவிப் பாக்குறேன்" என்றார் அவர். முகமெல்லாம் நன்றி.

அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் காதுமடல் சுட்டது. வேலையிலிருந்து அவரை நிறுத்திய மாதமே, பேருந்தில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார். கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் தட்டி எழுப்பியபோதுதான் தெரிந்ததாம். துக்கத்துக்குப் போனவளுக்கு அவர் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டு, "உன்னைப் பத்தி ரொம்ப உசத்தியா சொல்வாரும்மா" என்றார். அந்த நாற்காலியில் அவளால் சரியாக உட்காரக்கூட முடியவில்லை.

குவளையில் கறுப்பு நகர்ந்தது.

சுவரோடு சுவராக, தேன் வழிகிற வேகத்தில், உலர்த்தும் அடுப்பின் பக்கம் போனது. அங்கே சற்று நின்றது. பிறகு தராசு மேசையின் பக்கம் திரும்பியது. கழுவி, உலர்த்தி, எடை போட்டு. ஏதோ ஒன்று அறையைச் சுற்றி வருகிறது, துகள்கள் முகம் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன என்று அவளுக்குப் புரிய வெகுநேரம் பிடித்தது. புரிந்ததும் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

அலமாரியில் அவர் விட்டுப்போன நாற்பத்துமூன்று குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. கழுவியது 12 முறை. கழுவியது 20 முறை. கழுவியது 31 முறை. உலர்ந்த பொடி அடியில் படிந்து கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. நாற்பத்துமூன்றிலும் ஒரே பக்கமாகச் சுவரேறி நின்றது.

கைபேசி அலறியது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தாள். பேராசிரியர்.

"என்னம்மா, நாளைக்குக் கம்பெனிக்காரங்க வர்றாங்க, ஞாபகம் இருக்குல்ல? போன வாரம் செஞ்சதுக்கு அளவு என்ன வந்துச்சு?"

"சார்... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நிதானம் அண்ணன் செஞ்சது தப்பில்ல, சார். அவரு..."

"அட, போன மனுஷன் பேச்சு இப்ப எதுக்கு? உனக்கு என்ன வந்துச்சு, அதைச் சொல்லு."

ஐம்பத்தொன்று. நாக்கு நுனிவரை வந்தது. அங்கிருந்து வெளியே ஓர் அடிதான்.

"எழுபத்தெட்டு, சார்."

"அதானே! உன் கைக்கு வராமப் போகுமா?"

கைபேசியை மேசையில் வைத்தாள். எச்சில் கசந்தது. கூரையோரத்து முனகல் நின்றிருந்தது. அடுப்பின் டிக் டிக்கும் இல்லை.

குவளையைப் பார்த்தாள்.

கறுப்பு இப்போது அவள் பக்கம்.

அலமாரியைப் பார்த்தாள். குப்பிகளும். எல்லாக் குப்பிகளும்.

ஆனால் அவளை நோக்கி அல்ல. சற்றே தள்ளி. அவள் தோளுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிடரியில் ஈரக் காற்று மாதிரி ஒரு குளிர்.

"அண்ணே," என்றாள். "இப்பவே சொல்லிடுறேன். இப்பவே கூப்பிட்டு..."

கைபேசியை நோக்கிக் கையை நீட்டினாள். குவளைக்கு மேலாக. பாதி வழியில் கை நின்றுவிட்டது. இழுத்தாள். வரவில்லை.

குவளையில் கறுப்பு கூம்பாக எழுந்தது. நீரைப் பிளந்தது. விளிம்பைத் தாண்டியது. சத்தமே இல்லாமல் காற்றில் ஏறி, நீட்டிய மணிக்கட்டில் போய்ப் படிந்தது.

அவள் தோலில் அல்ல. தோலுக்கு ஒரு விரற்கடை மேலே.

விரல் தடிமனில் நான்கு பட்டைகள், பக்கம் பக்கமாக. கீழே, நாடி துடிக்கும் இடத்தில், தடித்துக் குறுகிய ஐந்தாவது.

ஊசி ஊசியாகச் சிலிர்த்து நின்றன. அவற்றின் அடியில் அவள் தோல் அழுந்தி, மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது.