பே கோபுரத் தெரு வீட்டின் ஆய்வறிக்கை

தேசத்தின் போக்கையே மாற்றிவிடக்கூடிய ஒரு முடிவு, 1978 ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, ராகு காலம் கழிந்து நாலாவது நிமிடத்தில் எடுக்கப்பட்டது. ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க் ஆதிமூலம், பே கோபுரத் தெருவில் வீடு வாங்கப்போகிறார்.

ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. அதற்குமேல் ஒரு வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. திருவண்ணாமலையில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலைதான் தெரியும் என்று அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. கடன் தரும் சங்கம் மட்டும், ஓவர்சியர் ஒருவர் பார்த்து அறிக்கை தந்தால்தான் பணம் என்றது.

அடுத்த வாரம் ஒரு மாலை, ஜன்னல் திரைக்கு அளவெடுக்க அவர் மகள் சரோஜா போனபோது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த முந்தானையோடு உள்ளே ஓடினாள்... அங்கே ஒருவன் ஸ்க்ரூ டிரைவரால் வாசல் நிலையைக் குத்திக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்றீங்க? நாங்க வாங்கப் போற வீடுங்க இது."

"வாங்கறதுக்கு முன்னாடிதாங்க குத்தணும். அப்புறம் குத்தினா உங்களுக்குத்தான் வலிக்கும்."

திரும்பினான். அவள் இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது... ஸ்க்ரூ டிரைவர் அவன் கால்மேல் விழுந்தது.

"எம் பேரு வேணுங்க... ஓவர்சியர். சங்கத்துல அனுப்பிச்சாங்க."

"கதவைக் குத்துறதுக்கு ஒரு டிப்ளமாவா?"

"மூணு வருஷம்ங்க. கடைசி வருஷம்தான் குத்தவே விடுவாங்க."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள்... முடியவில்லை. மழை விட ஒரு மணி நேரமானது. அதற்குள், அவன் குடியிருப்பது நேர் எதிர் வீடு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இங்கே குடிவந்தால் எந்த ஜன்னலில் அவள் நிற்பாள் என்பதை அவனும் கணக்குப் போட்டுவிட்டான்.

அவள் போனபின், கெட்ட நேரம், ஏணி வைத்து உத்திரங்களைக் குத்திப் பார்த்தான். வெளியே தேக்கு, உள்ளே கரையான்.

வாங்கலாம் என்று ஒரு வரி எழுதினால் தினமும் அவளைப் பார்க்கலாம். வேண்டாம் என்று எழுதினால், இப்போதிருக்கும் செங்கம் ரோட்டு வாடகை வீட்டிலிருந்து அவள் இந்தப் பக்கம் வரவே மாட்டாள்... மூன்று நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினான். நாலாம் நாள் அறிக்கையோடு ஆதிமூலத்தின் எதிரில் போய் நின்றான்.

"வாசி சரோஜா. ஒரு எழுத்து விடாம. முப்பத்திரெண்டு வருஷ சர்வீசுல எந்தக் காகிதத்தையும் நான் பாதியில நிறுத்தினதில்ல."

வாசித்தாள். ஒன்று முதல் ஐந்து வரை கரையான். முடிவு: வாங்கத் தகாது.

ஆதிமூலத்தின் முகம் இறுகியது. வீட்டைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டதே. "நான் பாத்து வச்ச வீட்டை நொட்டை சொல்றியே... இதுல உனக்கு இன்னாப்பா லாபம்?"

"ஆறாவதுல எழுதியிருக்கேங்க."

சரோஜா பார்த்தாள்... காது மடல் சிவந்தது.

"அப்பா, இது வந்து..."

"வாசின்னா வாசி."

"ஆறு. மேற்படி வீட்டுக்கு எதிர் வீட்டில் வசிக்கும் நான், மனுதாரரின் மகள் அங்கே குடிவர வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன். ஆகையால், வீடு நல்லது என்று எழுதினால்தான் எனக்கு லாபம். அப்படி எழுத முடியவில்லை என்பதை வருத்தத்துடன்..."

வேணு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல ஒரு குறை இருக்குப்பா," என்றாள் மெதுவாக. "எதிர் வீட்டைப் பத்தி ஒண்ணுமே எழுதல... அங்க குடிவரலாமா, கூடாதான்னு."

"வரலாம்ங்க," என்றான் வேணு அவசரமாக. "உத்திரமெல்லாம் கெட்டி."

ஆதிமூலம் காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். எழுதியவனே தன் லாபத்துக்கு விரோதமாக எழுதிய அறிக்கையை, முப்பத்திரண்டு வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறார்.

"உங்க அப்பா வீட்ல இருக்காராப்பா?" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மேற்படி வீட்டை ஒரு வெல்ல மண்டிக்காரர் வாங்கினார். பத்து வருஷமாகியும் இடியவில்லை.