காலிஃபிளவர் இல்லை, கான்ஃபிளவர்!

வேல்விழிக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குகள் புரிந்தன. தம்பி வளவனின் நோய்தான் புரியவே இல்லை.

நான்கு வயது வளவனைப் பார்த்தால் நோயாளி மாதிரியே தெரியாது. பொம்மைக் கன்னம், தொப்பை வயிறு, நாள் முழுக்கச் சேட்டை. ஆனால் சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆகிவிட்டால் போதும். உடம்பு வியர்க்கும், கண் செருகும், அப்படியே சுருண்டு படுத்துவிடுவான்.

"ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சு போவுது" என்று அம்மா பூங்கோதை சொல்வார்.

"அப்ப சர்க்கரை குடுக்க வேண்டியதுதானம்மா?"

"அவனுக்குச் சர்க்கரை ஆவாது. பாலும் ஆவாது. பழமும் ஆவாது."

வேல்விழி தலையைச் சொறிந்துகொண்டாள். சர்க்கரை குறைகிறதாம், ஆனால் சர்க்கரை கொடுக்கக் கூடாதாம்! இது என்ன கணக்கு?

"வயித்துக்குள்ள கல்லீரல்னு ஒண்ணு இருக்குதுல்ல, அது உண்டியல் மாதிரி" என்று அம்மா விளக்கினார். "சாப்புடுறதுல மிஞ்சினதைச் சேத்து வெச்சு, பசிக்கிறப்ப எடுத்துக் குடுக்கும். உன் தம்பி உண்டியல்ல உள்ள போவுது, வெளிய வர மாட்டேங்குது. நீ சொல்ற சர்க்கரையும் அங்கயே போய் மாட்டிக்கும்."

அவனுக்கு மருந்து என்பது கான்ஃபிளவர் மாவுதான். பச்சைத் தண்ணீரில் கலக்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். சூடு பண்ணக் கூடாது. அது வயிற்றில் மெதுவாகக் கரைந்து, கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குத் தெம்பு கொடுக்கும். சென்னை டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். பகலில் மாவு கலக்குவது வேல்விழியின் வேலை.

எதிர்வீட்டுப் பெரியம்மாள் அத்தை முதல் தடவை அதைப் பார்த்தபோது வாயில் கை வைத்துக்கொண்டார். வேல்விழியின் அப்பா தமிழ்ச்செல்வன் செராமிக் கம்பெனியில் பொம்மை வார்ப்பவர் ஆயிற்றே!

"ஏண்டி பூங்கோதை, கம்பெனி மண்ணைக் கரைச்சா புள்ளைக்குக் குடுக்குற?"

அம்மா சிரித்துவிட்டு விளக்கினார். அத்தைக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மறுநாள் ஒரு சொம்பு பசும்பாலோடு வந்து நின்றார்.

இதெல்லாம் கொரோனாவின் இரண்டாவது ஊரடங்குக்கு முன்னால். அந்த ஊரடங்கு வந்தபோது விருத்தாசலமே மூடிக்கொண்டது. அப்பாவின் கம்பெனியில் சூளை அணைந்தது. சென்னைக்குப் பஸ் இல்லை. மளிகைக் கடைகளும் திறக்கவில்லை. காய்கறி வண்டி மட்டும் தெருத்தெருவாக வந்தது.

ஒரு நாள் காலையில் அம்மா மாவு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார்.

"நாளைக்குக் காலை வரைக்கும்தாங்க வரும்."

அப்பா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். வெயில் ஏறிய பிறகுதான் திரும்பி வந்தார்.

"பாலக்கரையில போலீஸ் நிறுத்திட்டாங்க. டாக்டர் சீட்டைக் காட்டுனேன். 'மருந்துச் சீட்டுல மாவுன்னு எழுதியிருக்குது, இது என்னாய்யா?'ன்னு அவரு குழம்பிப் போயிட்டாரு. அப்புறம் போவச் சொல்லிட்டாரு. மெடிக்கல்ல கேட்டா, 'இது மளிகைச் சாமான், மளிகைக் கடையில கேளுங்க'ன்றாங்க. மளிகைக் கடைக்காரருக்குப் போன் பண்ணா, 'மருந்துன்னா மெடிக்கல்லதான் கேக்கணும்'ன்றாரு."

"அப்ப அது மருந்தா, மளிகையாப்பா?" என்று வேல்விழி கேட்டாள்.

"எனக்கே தெரியலை பாப்பா."

ஆனாலும் அப்பா வெறுங்கையோடு வரவில்லை. தெரிந்த மாவு மில்காரரிடம் கெஞ்சிக் கேட்டு, ஒரு பை சோள மாவு வாங்கி வந்திருந்தார். அம்மா பையைப் பிரித்தார். மாவு பழுப்பாக இருந்தது.

"இது நம்ம ஊரு சோளங்க. களி கிண்டுறது."

"சோள மாவுன்னுதானே கேட்டேன்?"

"நமக்கு வேண்டியது மக்காச்சோளம். அதுலயும் அந்த வெள்ளை மாவு மட்டுந்தான்."

அப்பா பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா சென்னை டாக்டருக்குப் போன் செய்தார். "எப்படியாவது அந்த மாவுக்கு ஏற்பாடு பண்ணுங்கம்மா. அதுவரைக்கும் அடிக்கடி சோறு குடுங்க. சோர்ந்து போனா உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார் அவர். பக்கத்து ஆஸ்பத்திரி முழுக்கக் கொரோனா நோயாளிகள்.

பிறகு அம்மா நகராட்சி உதவி எண்ணுக்கும் பேசினார். தன்னார்வலர் அன்பரசி அக்கா போனை எடுத்தார். லைன் கரகரத்தது; ஒருவர் பேசுவது மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "சரிங்கக்கா, புரியுதுங்கக்கா, கொண்டாரேன்" என்றார்.

அன்று மதியம் அம்மா மாவில் ஒரு கரண்டியைக் குறைத்தார். மீதி இருப்பதை இழுத்துப் பிடிக்க வேண்டுமே.

அடுத்த வேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. வளவன் வாசலில் கடை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். திடீரென்று சத்தம் நின்றது. வேல்விழி எட்டிப் பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்திருந்தான். நெற்றி முழுக்க வியர்வை.

"வளவா? டேய், என்னைப் பாரு!"

அவன் பார்த்தான். ஆனால் யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அம்மா!"

அம்மா ஓடி வந்தார். கல்லீரலில் மாட்டாமல் நேராக ரத்தத்தில் சேரும் என்று டாக்டர் அவசரத்துக்குக் கொடுத்திருந்த குளுக்கோஸைக் கரைத்து ஊட்டினார். வேல்விழி அவசர அவசரமாக மாவைக் கலக்கினாள். அதையும் குடித்த பிறகு, மெல்ல மெல்ல அவன் கண்ணில் வெளிச்சம் திரும்பியது.

"அக்கா, ஏன் அழுவுற?" என்று கேட்டான்.

"நான் அழுவல. மாவு கண்ணுல பட்டுடுச்சு."

டப்பாவில் இருந்தது இன்னும் குறைந்துவிட்டது.

அப்போது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அன்பரசி அக்கா!

"அக்கா, நீங்க கேட்டது கிடைச்சிருச்சு! நல்லா பெருசா பாத்துத்தான் வாங்குனேன்" என்று பையை நீட்டினார்.

அம்மா ஆவலாகக் கையை விட்டார். பைக்குள்ளிருந்து வந்தது ஒரு பூ. வெள்ளை வெளேரென்ற காலிஃபிளவர். உள்ளே இன்னொன்றும் இருந்தது.

"கான்ஃபிளவர் கேட்டேம்மா..."

"ஆமாக்கா, காலிஃபிளவர்தானே?"

அம்மாவுக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. நடந்தது புரிந்ததும் அன்பரசி அக்காவின் முகம் வாடிவிட்டது.

வளவன் மட்டும் கை தட்டினான். "ஐ! கோபி சிக்ஸ்டி ஃபைவ்!"

வேல்விழி சட்டென்று நிமிர்ந்தாள். பாலக்கரையில் சாயங்காலம் போடும் தள்ளுவண்டிக் கடை அவள் கண் முன்னால் வந்தது. அங்கே காலிஃபிளவரை அப்படியே எண்ணெயில் போட மாட்டார்கள். மாவில் புரட்டித்தான் போடுவார்கள். வெள்ளை மாவு. பாக்கெட்டில் மக்காச்சோளப் படம் போட்டிருக்கும்!

"அம்மா! கோபி கடைக்காரங்க வூட்ல கான்ஃபிளவர் இருக்கும்மா. இப்ப கடைதான் இல்லையே. வாங்கி வெச்ச மாவு அப்படியேதானே கிடக்கும்?"

அந்தக் கடைக்காரர் கோகுலகிருஷ்ணன், அவளோடு படிக்கும் இனியாவின் அப்பா. வேல்விழி அம்மாவின் போனில் இனியாவைக் கூப்பிட்டாள்.

"உங்க வூட்ல கான்ஃபிளவர் இருக்குதா இனியா?"

"காலிஃபிளவரா? நிறைய இருக்குது. எத்தினி வேணும்?"

"ஐயோ, அது இல்ல! கோபிக்குப் போடுற மாவு."

"கோபியா? எங்கப்பா இப்ப கோபி போடறதில்லைப்பா."

"கோபி வேணாம். மாவு மட்டும்."

"வெறும் மாவை எப்படித் தின்னுவீங்க?"

"தின்ன மாட்டான். தண்ணியில கலக்கிக் குடிப்பான்."

"ஐயே!"

போன் கை மாறியது. "யாரும்மா பேசறது?" கோகுலகிருஷ்ணனின் குரலில் பயம் இருந்தது. "நான் கடையே போடலைம்மா. வூட்ல திருட்டுத்தனமா விக்கிறேன்னு யாரு சொன்னாங்க? நகராட்சியில பர்மிட் வாங்கிக் காய்கறிதான் வித்துக்கிட்டு இருக்கேன்."

"அது இல்லைங்க மாமா! என் தம்பிக்கு அதுதான் மருந்து. நாளைக்குக் காலையில தீந்துடும். இன்னிக்கே மயக்கமா வந்துடுச்சு."

"மருந்தா? அந்த மாவா?" என்று கேட்டார். அவருக்கும் குழப்பம்தான். ஆனால் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. "கல்யாண ஆர்டருக்கு வாங்கினது மூட்டையா கிடக்குது. இரு, பாக்குறேன்."

"மாமா, மைதா, கலர் எதுவும் கலக்காததா வேணும். பிரிக்காத பாக்கெட்டா பாருங்க. பின்னால என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்ல முடியுங்களா?"

இனியா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மக்காச்சோள ஸ்டார்ச். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

அம்மா அந்தப் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அதை டாக்டருக்கு அனுப்பினார். "இதேதான்" என்று உடனே பதில் வந்தது.

சாயங்காலம் தெருமுனையில் "கத்திரிக்கா, வெண்டைக்கா, தக்காளியேய்!" என்று குரல் கேட்டது. கோபி வண்டிதான் இப்போது காய்கறி வண்டி. கோகுலகிருஷ்ணன் தள்ளி நின்றபடியே, காலிஃபிளவர் குவியலுக்கு அடியிலிருந்து பாக்கெட்டுகளை எடுத்து அடுக்கினார். அப்பா சட்டைப் பையில் கை வைத்தார்.

"அதெல்லாம் கடை திறந்தப்புறம் பாத்துக்கலாம் சார். இது தீந்தாலும் பயப்படாதீங்க. மங்கலம்பேட்டை, சேத்தியாத்தோப்புன்னு கோபிக் கடை போடுற எங்க ஆளுங்க வூட்லயெல்லாம் சும்மாதான் கிடக்குது. எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

வேல்விழி மாவைக் கலக்கிக் கொண்டு வந்தாள். வளவன் ஒரே மூச்சில் குடித்தான். பார்த்துக்கொண்டிருந்த கோகுலகிருஷ்ணனின் முகம் கோணியது.

"உப்பு இல்ல, காரம் இல்ல... எப்பிடிடா குடிக்கிற?"

வளவன் டம்ளரை அவரிடம் நீட்டினான். "உங்களுக்கும் வேணுமா?"

"வேணாம் சாமி!" என்று அவர் இரண்டடி பின்னால் போனார். அம்மா சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

எதிர்வீட்டு வாசலிலிருந்து பெரியம்மாள் அத்தை எட்டிப் பார்த்தார். "என்னா பூங்கோதை, மருந்தைக் காய்கறிக்காரரா கொண்டாந்து குடுக்குறாரு?" என்றார். அவருக்கு யார் விளக்குவது?

இருட்டுவதற்குள் இனியாவிடமிருந்து செய்தி வந்தது. "குடிச்சானா? எப்படி இருக்கான்?"

வேல்விழி பதில் எழுதினாள்: "குடிச்சிட்டான். இப்ப என்னைக் கிள்ளிட்டு ஓடுறான். இரு, பிடிச்சிட்டு வரேன்!"