கறுப்புப் பூசிய இடம்

காலை நாலரைக்கு எழுகிறேன். அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். பிளேன்டீ குடிக்கிறேன். வேனுக்கு எண்ணெய், தண்ணீர் பார்க்கிறேன். கண்ணாடியைத் துடைக்கிறேன். பிறகு கதவோர சீட்டின் முன்னால், தரையில் இருக்கும் ஈரக் காலடித் தடத்தைத் துடைக்கிறேன்.

இடது கால். சிறியது. நான்கு மாதமாகத் தினமும். தெமோதரைப் பக்கம் மூன்று வாரமாக மழையே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை.

அது என் மனைவி நிரஞ்சலாவின் சீட். எங்கள் தோட்டத்திலிருந்து பதினான்கு பிள்ளைகளைப் பதுளைக்குப் பள்ளிக்கூடம் கொண்டுபோவோம். நான் ஓட்டுவேன். அவள் பிள்ளைகளை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு அங்கே உட்காருவாள். குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால், போகலாம். ஒரு தட்டு என்றால், நிறுத்து.

நான்கு மாதத்துக்கு முன், பிள்ளைகளை இறக்கிவிட்டு மழையில் திரும்பும்போது, தெமோதரை வளைவில் கதவு திறந்து வெளியே விழுந்தாள். கதவை அவள் சரியாகச் சாத்தவில்லை என்று மரண விசாரணையில் எழுதினார்கள். நான் தலையாட்டினேன்.

அவள் சரியாகத்தான் சாத்தியிருந்தாள். சீட்டின் போல்ட், துருப்பிடித்த தரையோடு பிய்ந்து வந்தது. சீட்டோடு போய்க் கதவில் மோதினாள். ஆட்கள் ஓடி வருவதற்குள் நான் சீட்டை நிமிர்த்தி, போல்ட்டைப் பழைய ஓட்டையிலேயே செருகி வைத்திருந்தேன்.

இப்போது அதில் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, நிஷாந்தினி, உட்காருகிறாள். ஏழு வயது.

வேனுக்கு இருபத்தேழு வயது. தகுதிச் சான்றிதழுக்கு வருடா வருடம் காட்ட வேண்டும். போன வருடமே கராஜ்கார இப்றாஹீம் நானா சொன்னார்.

"தம்பி, இது தரையில்ல, பிஸ்கட்டு. தேத்தண்ணில தொட்டுத் திங்கலாம். வெட்டி எறிஞ்சிட்டுப் புதுத் தகடு வெல்ட் பண்ணோணும். ஒரு கெழம போகும்."

"டெஸ்ட் நாளைக்கு, நானா."

"எல்லாரும் மொத நாள்தான் வாறீங்க."

ஓட்டையில் பட்டிப் பசை அடைத்து, அதன்மேல் மெல்லிய தகரத் துண்டை ஒட்டி, கறுப்புத் தார் பூசினார். சுத்தியல் பட்டால் நல்ல இரும்பின் சத்தம் வரும்.

நேற்றும் அதையே செய்யச் சொன்னேன். வெட்டினால் பிய்ந்த இடம் தெரியும். அது தெரிந்தால், நான் எதற்குத் தலையாட்டினேன் என்பதும் தெரியும். இந்த முறை நானா பகிடி விடவில்லை. சீட்டைப் பார்க்காமல் வேலையை முடித்தார்.

இன்று காலை பரிசோதகர் அர்ஷாத் சேர் டோர்ச்சும் சுத்தியலுமாக வேனுக்குக் கீழே குழிக்குள் இறங்கினார். நான் குழிப் படியில் நின்றேன். உள்ளே இருட்டு. பழைய எண்ணெய் வாடை.

"மேல் தகட்டுத் துருவுக்கெல்லாம் நான் வேனை நிப்பாட்ட மாட்டேன், தம்பி. இந்தப் பனியில துரு புடிக்காத வேன் ஏது? சீட்டப் புடிச்சிருக்கிற எடம் நல்லா இருக்கோணும். அவ்வளவுதான்."

தட்டினார். டிங்.

நல்ல சத்தம்.

மேலேயிருந்து பதில் வந்தது.

டொக்.

"உள்ள யாரு? எறங்கச் சொல்லுங்க."

"யாரும் இல்ல, சேர்."

அவர் ஏறிப்போய்ப் பார்த்தார். திரும்பக் குழிக்குள் இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. "பழைய வேன்தானே, சத்தம் போடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

கறுப்பிலிருந்துதான் சொட்டியது. குழிக்குள் மழை வாசம் வந்தது.

"கழுவினீங்களா?"

"இல்ல, சேர்."

டொக்.

ஒரு தட்டு.

என் வாய் தானாகத் திறந்தது. "அந்தக் கறுப்பச் சுரண்டிப் பாருங்க, சேர்."

ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடி வரை உள்ளே போனது. அவர் வெளியே இழுத்ததும் தகரமும் பட்டியும் உதிர்ந்தன. வேன் கதவு திறந்துதான் கிடந்தது. ஓட்டை வழியாக வெளிச்சம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை.

மேலேயிருந்து ஏதோ அதை அடைத்திருந்தது. அர்ஷாத் சேர் டோர்ச்சை உயர்த்தினார்.

வெளுத்த தோல். நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கிய உள்ளங்கால்.

மெதுவாக அது விலகியது. வெளிச்சம் வந்தது.

"இந்தச் சீட்டுல யாரு தம்பி இருந்தது?" கிசுகிசுத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தகுதியில்லை என்று எழுதினார்.

வேனை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். புது பஸ். தரையில் ஒரு கீறல் இல்லை. வெளியே நல்ல வெயில். தெமோதரை வளைவில் திரும்பும்போது என் இடது சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியது. குளிர்ந்த தண்ணீர்.

குனிந்து பார்க்கவில்லை.

கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று விசாரணையில் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

சொன்னாள். வளைவுக்குச் சற்று முன்னால்.

"காலு நனையுதுங்க. கீழ ஓட்டையாயிருச்சு போல. நாளைக்குப் புள்ளைங்கள இந்தப் பக்கம் உக்கார வச்சிராதீங்க."