நாலு விரற்கடைத் தூரம்

விழித்தபோது பின்னந்தலைக்கடியில் தலையணை இருந்தது. சக்திகுமாருக்கு முதலில் உறைத்தது அதுதான். குப்புறப் படுத்து, நெற்றியை மணைமேல் முட்டுக்கொடுத்துத் தூங்கப் போனவன் மல்லாந்து கிடந்தான். மின்விசிறிக் காற்று முதுகில் படாமல் முகத்தில் பட்டது. பதறிப் புரண்டு மறுபடி கவிழ்ந்துகொண்டான்.

அவனுக்கு இருந்ததே ஒரு கண். வலது கண்ணைச் சின்ன வயதிலேயே கருவேல முள் வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்த இடது கண்ணின்மேல், ஒரகடம் கம்பெனியில் பெட்டிக்குப் பட்டை இழுக்கும் மெஷினிலிருந்து அறுந்த பட்டை சுளீரென்று விழுந்து, உள்ளே விழித்திரை ஈரச்சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி கழன்றுவிட்டது.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். “விழித்திரைக்குப் பின்னாடி ரத்தப் படலம் ஒண்ணு இருக்கு. ஆக்சிஜன் பெரும்பாலும் அங்கேருந்துதான் வருது. சுவரை விட்டுப் பிரிஞ்சா, திரை மூச்சில்லாம செத்துப்போகும். உள்ளே ஒரு வாயுக்குமிழி விட்டிருக்கேன். நீங்க குப்புறப் படுத்தாத்தான் அது மிதந்துபோய்த் திரையைச் சுவரோட அழுத்தும். ரெண்டு வாரம் மல்லாக்கவே கூடாது.” போகும்போது இன்னொன்றும் சொன்னார். உடம்பிலேயே ஆக்சிஜனுக்குத் தீராப்பசி கொண்ட இடம் அதுதானாம். இருட்டில் நாம் தூங்கினாலும் அது தூங்காதாம், வெளிச்சத்தில் தின்பதைவிட இன்னும் கூடுதலாகத் தின்னுமாம்.

அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்காமலே இருந்திருக்கலாம். சேரப்பணஞ்சேரியின் அந்த வாடகை அறையில், இரவு ஷிப்டுக்காரர்கள் பகலில் தூங்குவதற்காக ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. வெளியே கன்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் தரையின் அதிர்வு நெற்றி எலும்பு வழியாகக் கண்ணுக்குள் இறங்கியது, தலையணை உறையில் மருந்தும் வேர்வையும் புளித்து நாறின, தன் கண்ணுக்குள் ஏதோ ஒன்று இருட்டில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்குவதாக அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

“லே வேல்ராஜி, நான் மல்லாக்கவா கெடந்தேன்?”

“இல்லியே மாப்ள. போட்டது போட்டபடிதான் கெடந்த. கனாக் கண்டுருப்ப.”

வேல்ராஜ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விளாத்திகுளத்தில் ஒரே தெரு. வேலைக்கு அழைத்து வந்தவனும் அவனே, லைன் லீடரும் அவனே. இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்து, பகலெல்லாம் தூங்காமல், சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டு, மாத்திரை கொடுத்து, கண்ணை இமை காக்கிற மாதிரி காத்தான். மெஷின் மூடியைத் திறந்தால் ஓட்டம் நின்றுவிடும், நின்றால் கணக்கு குறையும் என்று சென்சாரைக் கம்பியால் கட்டி வைத்திருந்தவனும் வேல்ராஜ்தான். கட்டும்போது பார்த்த ஒரே ஆள் சக்திகுமார். விபத்து பற்றித் திங்கட்கிழமை விசாரணைக்கு வருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

“ஒம்பேரு என் வாயில வராதுலே” என்று சக்திகுமார் முன்பே சொல்லிவிட்டான். அன்று வேல்ராஜ் விம்மி விம்மி அழுதான்.

மறுநாளும் தலையணை பின்னந்தலையில் இருந்தது. அதற்கு மறுநாளும். பார்வையின் கீழோரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்குள் வாயு இருந்ததால் நாலு விரற்கடைக்கு அப்பால் எல்லாமே கலங்கிய பால். அந்த நாலு விரற்கடைக்குள் வருவது மட்டும் மயிர்க்கால் வரை தெரியும். தலையணை உறையின் நூலிழைகளை மாறி மாறிப் பார்த்தான். கறுப்பு நகரவில்லை.

வேல்ராஜ் கடைக்குப் போன நேரத்தில் வீட்டுக்காரி பாப்பம்மாள் கஞ்சியோடு வந்தாள்.

“இன்னாபா, இப்போ கவுந்துகினு கீற? காலைல மோட்டார் போட வந்தப்போ மல்லாக்க இல்ல தூங்கிகினு இருந்தே?”

சக்திகுமார் தலையைத் தூக்காமலே கேட்டான். “நெசமாவா அக்கா?”

“கதவு தொறந்துதான இருந்துச்சு. உன் சிநேகிதன் பக்கத்துலயே குந்திகினு உன் ரெண்டு கையையும் புட்சிகினு இருந்தான். பெத்த தாய்கூட இப்டி பார்க்க மாட்டா, போ.” அவள் மனம் நெகிழ்ந்து சொல்லிவிட்டுப் போனாள்.

இருக்காது. தூக்கத்தில் தானே புரண்டிருப்பான், வேல்ராஜ் பிடித்துத் திருப்பப் பார்த்திருப்பான். கூட இருந்தே குழி பறிக்கிறவர்கள் வேறே ரகம், வேல்ராஜ் அப்படிப்பட்டவன் இல்லை. தனக்குத்தானே இப்படிச் சொல்லிச் சொல்லியே, தினமும் காலையில் மாத்திரை விழுங்கியதும் தூக்கம் அடித்துப் போட்டதை அவன் எண்ணிப் பார்த்தான்.

மறுநாள் காலை வேல்ராஜ் மாத்திரையை வாயில் போட்டான். சக்திகுமார் விழுங்கவில்லை. குப்புறப் படுத்தவன் துப்பவே வேண்டாம், உதட்டைத் திறந்தால் போதும். தானாக விழுந்தது. மூச்சைச் சீராக்கிக்கொண்டு கிடந்தான்.

கதவு சாத்தும் சத்தம். இன்று தாழ்ப்பாளும் விழுந்தது. டியூப்லைட்டை அணைக்கும் சொடுக்கு. மெஷின் எண்ணெய் வாடை பக்கத்தில் வந்தது.

தோளுக்கடியில் ஒரு கை நுழைந்தது. இடுப்புக்கடியில் இன்னொன்று. தொட்டில் பிள்ளையைப் புரட்டுவது போல, அவ்வளவு பதமாக.

மல்லாந்தான். தலையணை வந்தது. இரண்டு மணிக்கட்டுகளும் பிடிபட்டன. சக்திகுமார் திமிறினான். பிடி இறுகியது. நெஞ்சின்மேல் முழங்கால் ஏறியது.

“சொல்ல மாட்டேன்னு சொன்னம்லலே!” கத்த நினைத்தான். காற்றுதான் வந்தது.

“முழிச்சிட்டியா” என்றான் வேல்ராஜ். கோபமே இல்லை. “இன்னைக்குச் சொல்ல மாட்ட. நாளைக்கு? கண்ணு தெரிஞ்சவன் பாத்தேன்னு சொன்னா கேப்பாங்க மாப்ள. தெரியாதவன் சொன்னா யாரு கேப்பா?”

முகம் குனிந்தது. ஜன்னல் தாளின் மங்கல் வெளிச்சத்தில், பாலுக்குள்ளிருந்து வெளியே வந்தது. நாலு விரற்கடை. மூக்கின் துளைகள். மீசை மயிரில் தொங்கிய வேர்வை. வேல்ராஜ் அழுதுகொண்டிருந்தான். அழுதுகொண்டே அந்த ஒற்றைக் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தான்.

“தெரியுதாலே?”

தெரியுது என்றால் விடமாட்டான். “தெரியல” என்றான் சக்திகுமார். “ஒண்ணுமே தெரியல. விட்டுருலே.”

“நெசமா?”

“எங்கம்மா மேல சத்தியமா.”

வேல்ராஜ் நீளமாக மூச்சு விட்டான். அது முகத்தில் சூடாகப் பட்டது. பிடி தளரவில்லை.

“இன்னுங் கொஞ்ச நேரம் படு மாப்ள. உறுதியாயிரட்டும்.”

கறுப்பு அசைந்தது. கீழோரத்திலிருந்து எழும்பி வேல்ராஜின் தாடையைத் தொட்டது. தாடை போயிற்று. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. “ஒனக்கு நான் இருக்கம்லா. காலத்துக்கும் நான் பாத்துக்கிடுதேன்.” உதடுகள் போயின. மூக்கு போயிற்று. குரல் அதே இடத்திலிருந்து வந்தபடியே இருந்தது.

கறுப்புக்கு மேலே, ஈரமாக, இமைக்காமல், இரண்டு கண்கள் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.