கூரையைக் கட்டிவிட்டு வந்தவள்

காலை எட்டு மணிக்கே மார்வா வந்து, சமையலறை மேஜைமேல் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டாள். நல்ல ஓக் பலகை. இழைத்து, எண்ணெய் தடவி, ‘வெர்லின் பள்ளி’ என்று ஸ்பானிய மொழியில் செதுக்கியிருந்தது.

“இருபது வருஷமா என் தம்பி அந்த ஊருங்களுக்கெல்லாம் கூரை போட்டிருக்கான். ஒரு பள்ளிக்கூட வாசல்லயாவது அவன் பேரு இருக்கட்டும்” என்றாள்.

ஆர்டித் கணவனின் அக்காவுக்குக் காபி ஊற்றினாள். மின்னசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில், தேவாலயத்துக்காரர்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு அவளும் கணவர் வெர்லினும் தொடங்கிய அறக்கட்டளை அது. ஹோண்டுராஸின் மலைக் கிராமங்களில் ஒழுகும் பள்ளிக்கூடங்களுக்குக் கூரை போடுவார்கள். நோட்டும் பென்சிலும் கரும்பலகையும் அனுப்புவார்கள். இன்று லாரி ஏற்றும் நாள். வெளியே வெர்லின் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

மகள் சிக்ரிட் தன் குழந்தை எலினோடு வந்திருந்தாள். அப்பாவுக்கு உதவத்தான் வந்தாள். அம்மாவோடு அவள் முகம் கொடுத்துப் பேசி நாலு வருடமாகிறது.

நாலு வருடத்துக்கு முன், மே மாதத்தில் சிக்ரிட்டுக்குப் பிரசவத் தேதி குறித்திருந்தார்கள். வெர்லினும் அப்போதுதான் இதய அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். தேதி தெரிந்தே ஆர்டித் ஹோண்டுராஸுக்கு விமானம் ஏறினாள். பிரசவம் சிக்கலாகி, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு நாள் சிக்ரிட் பிழைப்பாளா என்றே தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் வெயிலில் கறுத்த முகத்தோடு ஆர்டித் வந்து நின்றாள். ஏன் போனாய் என்று எல்லோரும் கேட்டார்கள். “போகணும்னு தோணுச்சு, போனேன்” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மார்வா இன்றும் விடவில்லை. “ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு இருந்துட்டா உங்கம்மா. கட்டினவன் நெஞ்சக் கிழிச்சுத் தைச்சுப் படுத்திருக்கான், பெத்த மக ஆஸ்பத்திரியில துடிக்கிறா... மகாராணிக்கு அங்க ஊர்வலம்.”

“விடுங்க அத்தை. சொல்லி என்ன ஆகப்போகுது” என்றாள் சிக்ரிட், அம்மாவைப் பார்க்காமலே.

ஆர்டித் ரூபார்ப் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். துண்டுகள் ஒரே அளவாக விழுந்தன. செய்தது சரி என்று தெரிந்தவளின் கை அது.

கை கழுவ உள்ளே வந்த வெர்லின் பலகையைப் பார்த்தார்.

“எந்தப் பள்ளிக்கூடத்துக்கு இது?”

“லாஸ் லோமாஸ். புயல்ல ஊரே போயும் நின்னுச்சே, அதுக்குத்தான்” என்றாள் மார்வா பெருமையாக.

வெர்லின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “அதுக்கு என் பேரா...”

“வெர்லின், வேண்டாம்” என்றாள் ஆர்டித்.

“இல்ல ஆர்டித். நாலு வருஷம் வாய மூடி இருந்துட்டேன். இதுக்கு மேல முடியாது.” அவர் மகள் பக்கம் திரும்பினார். “அந்தக் கூரைய நான் அரைகுறையா விட்டுட்டு வந்தேம்மா. கடைசி நாள், பிளேனுக்கு நேரமாச்சுன்னு அவசரம். கூரைச் சட்டத்தைச் சுவரோட பிடிக்கிற இரும்புப் பட்டைங்க இருக்கே, ஒரு பக்கம் முழுக்க அடிக்கவே மறந்துட்டேன். தகரத்தைப் போட்டு மூடிட்டேன். மே மாசம், ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தப்போ, கூரை வேலை நடக்கும்போது எடுத்த போட்டோவப் பார்த்தேன். அப்பத்தான் உறைச்சுது.”

“போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே அப்பா?”

“சொன்னோம். பிள்ளைங்கள வெளிய உட்கார வெச்சாங்க. ஆனா புயல் வந்தா ஊரே ஒதுங்குற இடம் அது ஒண்ணுதான். மழைக்கு ரெண்டு வாரம்தான் இருந்துச்சு. இத்தனை வருஷமா என்கூடக் கூரை ஏறினவ, நான் போட்ட சட்டத்தைப் பிரிச்சுக் கட்டத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான். பட்டையப் பையில போட்டுக்கிட்டுத் தனியாப் போனா. போகும்போது நான்தான் இவ கையப் பிடிச்சுக் கெஞ்சினேன், என் தப்ப யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு.” அவர் பலகையைத் தள்ளி வைத்தார். “அக்டோபர்ல புயல் வந்தப்போ அந்தக் கூரைக்கடியில தொண்ணூறு பேர் இருந்தாங்க. நின்னது என் கூரை இல்லம்மா. உங்கம்மா கட்டினது.”

மார்வா பலகையை மெல்ல எடுத்துக் குப்புறக் கவிழ்த்தாள். “ஆர்டித்... நான் வாய்க்கு வந்ததெல்லாம்...” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிக்ரிட் எழுந்து வந்து அம்மாவின் எதிரில் நின்றாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நாலு வருஷம்மா... என் பிள்ளைய உன் மடியில கூடப் போடல நான்.”

“உங்கப்பா நெஞ்சுத் தையல் காயாத நேரம். உண்மை தெரிஞ்சு நீ அவர்கிட்டப் பேசாம இருந்திருந்தா அவர் தாங்கியிருக்க மாட்டார். நான் தாங்குவேன்னு எனக்குத் தெரியும்.”

“நான் செத்திருந்தா?”

ஆர்டித்தின் கண் அப்போதுதான் நிறைந்தது. “ஒவ்வொரு ஆணி அடிக்கும்போதும் அதைத்தான் நினைச்சேன். ஆனா உன் பக்கத்துல டாக்டர் இருந்தாங்க, உன் புருஷன் இருந்தான். அங்க இருந்தவங்களுக்கு அந்த ஒரு கூரைதான். இன்னொரு தடவ அப்படி வந்தாலும் போவேன் சிக்ரிட். பொய் சொல்ல மாட்டேன்.”

சிக்ரிட் அம்மாவின் தோளில் முகம் புதைத்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆர்டித் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை அடங்கியதும் சிக்ரிட் மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள்:

“போம்மா. போகவேண்டாம்னு சொல்லல. ஆனா அடுத்த தடவ நானும் வரேன். பட்டை எப்படி அடிக்கிறதுன்னு மட்டும் சொல்லிக்கொடு.”